பேக்யார்டு வீட்டுக்கு பர்மிட்: "சிட்டி மறுக்கவே முடியாது"ன்னு எழுதினவருக்கு

மில்பிடாஸ்காரன்: நம்ம ஃபோரத்தோட வாடகைத் திரியில சன்னிவேல்_ராசா எழுதியிருக்கார்: "2020 ஜனவரி 1க்கு முன்னாடி கட்டின ஏடியூன்னா (பேக்யார்டுலயோ கராஜ்லயோ கட்டின கூடுதல் சின்ன வீடு), பர்மிட் இல்லாட்டியும் சிட்டி மறுக்கவே முடியாது. ஏபி 2533ன்னு கலிஃபோர்னியா சட்டம் வந்தாச்சு, விண்ணப்பம் போட்டாப் போதும்." படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது. கலிஃபோர்னியா சட்டத்துல 17920.3ன்னு ஒரு பிரிவு இருக்கு. குடியிருக்க லாயக்கில்லாத கட்டடம் எதுன்னு அதுல பட்டியல் உண்டு. அதைச் சரிபண்ணாம சிட்டி பர்மிட் தராது. கராஜை மாத்தின பெட்ரூம்ல, தீப்பிடிச்சா தப்பிச்சு வெளியேற ஜன்னல் இருக்கா? அதைச் சொல்லுங்க முதல்ல.

சன்னிவேல்_ராசா: நான் எழுதினதுல தப்பில்ல சார். 2018க்கு முந்தின வீட்டுக்கு மட்டும் இருந்த சலுகை இது. 2024ல கவர்னர் நியூசம் கையெழுத்துப் போட்டதுல 2020ன்னு ஆச்சு. விண்ணப்பம் போட்டா, பர்மிட் இல்லாம வச்சிருந்ததுக்காக அபராதம் கிடையாது. புதுசாக் கட்டறதுக்கு சிட்டி வாங்கற இம்பேக்ட் ஃபீயும் பெரும்பாலும் கிடையாது. லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரை வச்சு முன்கூட்டியே ரகசியமாச் சோதிச்சுக்கலாம். முழுசாப் படிச்சுட்டு வாங்க.

மில்பிடாஸ்காரன்: முழுசாப் படிச்சதாலதான் கேக்கறேன். ஜன்னல் இருக்கா?

கூப்பர்டினோ_கிச்சா: எனக்குப் பயம் சொத்து வரிதான். பர்மிட் எடுத்தா மொத்த வீட்டையும் இன்னிக்கு விலைக்கு மதிப்புப் போட்டுருவாங்களாமே?

சன்னிவேல்_ராசா: இல்ல கிச்சா. சொத்து வரி ஏத்தத்துக்கு வரம்பு வச்ச ப்ராப் 13 சட்டம் 1978லேர்ந்து இருக்கு. புதுசாக் கட்டின பாகத்துக்கு மட்டும்தான் மதிப்பு ஏறும். இந்த மாதிரிப் புரளியிலதான் பாதிப் பேர் ஒளிச்சே வச்சிருக்காங்க. மில்பிடாஸ்காரர் மாதிரி ஆளுங்க மீதிப் பேரையும் மிரட்டிடறாங்க.

மில்பிடாஸ்காரன்: மிரட்டறேனா? தரைத்தளத்துல ஜன்னல் திறப்பு 5 சதுர அடி வேணும். அடிவிளிம்பு தரையிலேர்ந்து 44 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. இதுவா மிரட்டல்? ஓக்லண்ட்ல 2016 டிசம்பர்ல கோஸ்ட் ஷிப் கிடங்கு எரிஞ்சு 36 பேர் செத்தாங்க. அங்கயும் பர்மிட் இல்லாமதான் ஆளுங்க குடியிருந்தாங்க.

சன்னிவேல்_ராசா: கிடங்கையும் பேக்யார்டு வீட்டையும் ஒண்ணாக்காதீங்க. 44 அங்குலம் 17920.3ல எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்.

மில்பிடாஸ்காரன்: "போதுமான வெளியேறும் வழி"ன்னு இருக்கு. கட்டினப்போ இருந்த விதிப்படி இருந்தா விலக்கும் உண்டு. பர்மிட்டே இல்லாம கட்டினவர் எந்த விதிப்படி கட்டினார்? அளவு கட்டட விதியில இருக்கு. ஜன்னல் இருக்கான்னு இன்னும் நீங்க பதில் சொல்லல.

ஹேவர்ட்_அக்கா: குடியிருக்கறவங்களைப் பத்தி ஒருத்தரும் பேசலியே. நான் அப்படி ஒரு கராஜ்ல இருந்தவ. குளிர்ல ஹீட்டர் வேலை செய்யலன்னு கேட்டதுக்கு, "பிடிக்கலன்னா காலி பண்ணு"ன்னாங்க. சிட்டிக்குப் புகார் கொடுத்தா வீட்டை மூடிடுவாங்க, நடுத்தெருவுல நிக்கறது நாம. பர்மிட் வந்தா ஹீட்டர் கேக்கற தைரியமாவது வரும். சுலபமாக்கறது நல்லதுதான்.

மில்பிடாஸ்காரன்: அக்கா, நான் அதைத்தானே சொல்றேன். ஜன்னல் இல்லாத ரூம்ல உங்களை வச்சு வாடகை வாங்கினவருக்கு ராசா பரிஞ்சு பேசறார்.

ஹேவர்ட்_அக்கா: எனக்கு ஜன்னல் இருந்தது தம்பி. ஹீட்டர்தான் இல்ல. என் வாயில உங்க ஜன்னலைத் திணிக்காதீங்க.

சன்னிவேல்_ராசா: நல்லாச் சொன்னீங்க அக்கா. இவரு சோலார் திரியிலயும் இப்படித்தான். ஒரே ஒரு இன்வெர்ட்டரைப் பிடிச்சுக்கிட்டு வாரக்கணக்குல விடல.

மில்பிடாஸ்காரன்: சோலார்ல நான் சொன்னதுதான் கடைசியில நடந்தது. அதையும் இங்க இழுக்கறீங்களா? இழுங்க. ஜன்னலை மட்டும் தொடாதீங்க.

கூப்பர்டினோ_கிச்சா: என் கராஜ்ல ஜன்னல் இருக்கு, ஆனா 5 சதுர அடி வராது. பெரிசாக்க பர்மிட் தருவாங்களா?

சன்னிவேல்_ராசா: தரணும். குறையைச் சரிபண்ண வேண்டிய பர்மிட்டை சிட்டி கொடுத்தே ஆகணும்னு சட்டமே சொல்லுது. இதைத்தான் "மறுக்க முடியாது"ன்னு எழுதினேன்.

மில்பிடாஸ்காரன்: "விண்ணப்பம் போட்டாப் போதும்"னுதான் எழுதினீங்க. சுவரை உடைக்கணும், லிண்டல் போடணும், அதுக்குக் காசு எவ்வளவுன்னு எழுதல. கிச்சா, முதல்ல டேப் எடுத்து அளந்து இங்க போடுங்க.

ஃப்ரீமான்ட்_புதுசு: நம்ம தெருவுல ஒரே வீட்டுக்கு அஞ்சு கார் நிக்குது. அதைப் பத்தி இந்தச் சட்டத்துல ஏதாவது இருக்கா?

ஹேவர்ட்_அக்கா: கார் நிறுத்தத்தான் உங்களுக்குக் கவலையா? அந்த அஞ்சு காரும் காலையில வேலைக்குப் போறவங்களோடது.

ஃப்ரீமான்ட்_புதுசு: கேள்விதானே கேட்டேன்? எதுக்கு இவ்வளவு கோபம்?

மில்பிடாஸ்காரன்: பார்க்கிங்குக்குத் தனித் திரி ஆரம்பிங்க. கிச்சா, அளந்தாச்சா?