ஆம்ப்ளிஃபயருக்கு பவர் கேபிள் எத்தனை ஸ்கொயர் எம்எம் போடணும்?

இசைப்பிரியன்:
வணக்கம். ஹால்ல ஸ்டீரியோ ஆம்ப்ளி, சப்வூஃபர், சிடி பிளேயர் மூணும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஓடுது. ஆம்ப்ளி பின்னாடி 800 வாட்ஸ், சப்வூஃபர்ல 400 வாட்ஸ்னு போட்டிருக்கு, சுவர் சாக்கெட் 5 மீட்டர் தள்ளி. இப்ப இருக்கறது முக்கால் ஸ்கொயர் ஒயர், சத்தமா கொஞ்ச நேரம் பாட்டு போட்டா பிளக் நல்லா சுடுது. ஒண்ணரை போதுமா, இல்ல 4 ஸ்கொயரே போட்டுடலாமா? தடியா போட்டா பேஸ் நல்லா வரும்னு வேற சொல்றாங்க. சின்னப் பசங்க இருக்கற வீடு, அதான் கேக்கறேன்.

ராகமாலை:
4 ஸ்கொயரே போடுங்க. தடி ஒயர்னா சூடே ஆகாது, கவலை இல்ல.

செம்புக்கம்பி:
4 ஸ்கொயர் வேண்டாங்க. சாதாரண பிளக் டெர்மினல்ல அது நுழையாது, உடனே நாலு இழைய வெட்டிட்டு மீதிய திணிப்பாங்க, அந்த இடந்தான் சுடும்.

கணக்கு இவ்வளவுதான். 800, 400, சிடி பிளேயருக்கு ஒரு 50, மொத்தம் 1250 வாட்ஸ், 230 வோல்ட்ல பாத்தா அஞ்சரை ஆம்பியர் கிட்ட வரும். பாட்டு ஏறி இறங்கி ஓடறதால சராசரி இத விட ரொம்பக் கம்மி. முக்கால் ஸ்கொயர் காப்பர் பொதுவா 6 ஆம்பியர் தாங்கும், அப்ப ஒயர் தாங்குதே ஏன் மாத்தணும்னு தோணும். ஆம்ப்ளிக்குன்னு தனியா வர்ற கேபிள் மெல்லிசா இருக்கலாம், ஏன்னா ஆம்ப்ளிக்குள்ள இருக்கற ஃபியூஸ் அதுக்கு மேல கரண்ட் இழுக்க விடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அப்படி இல்ல. நாளைக்கு யாராவது காலியா இருக்கற ஓட்டைல அயர்ன் பாக்ஸ் சொருகுவாங்க, எம்சிபி (கரண்ட் அதிகமானா தானா விழற சுவிட்ச்) 16 ஆம்பியரா இருந்தா அது விழாது, ஒயர் உள்ளயே வெந்துடும். அதனால பாக்ஸுக்கு ஒண்ணரை ஸ்கொயர், அதுவும் முழு காப்பர். அலுமினியத்து மேல செம்பு பூசினது வேண்டவே வேண்டாம், அதே தடிமன்ல அதுக்கு ரெசிஸ்டன்ஸ் அதிகம்.

பேஸ் விஷயம்: உங்க 5 மீட்டர்ல முக்கால் ஸ்கொயர்லயே 6 ஆம்பியருக்கு ரெண்டு வோல்ட் கூட குறையாது. 230ல அது காதுக்குத் தெரியாது.

மின்மினி:
அண்ணன் சொன்னது சரி. பிளக் மட்டும் சுடுதுன்னா குத்தம் ஒயர் தடிமன்ல இருக்காது, ஸ்க்ரூ லூசா இருக்கும் இல்ல சாக்கெட் உள்ள பித்தளை விரிஞ்சிருக்கும். பிளக்க உருவிப் பாருங்க, பின் கறுத்திருந்தா பிளக்கு சாக்கெட்டு ரெண்டையும் மாத்திடுங்க. இன்னொண்ணு, ஹம் சத்தம் வருதுன்னு யாராவது எர்த்த கழட்டச் சொன்னா தயவு செஞ்சு கேக்காதீங்க. உள்ள லைன் பாடில பட்டுச்சுன்னா, தொடற குழந்தை மேலதான் கரண்ட் இறங்கும்.

இசைப்பிரியன்:
உருவிப் பாத்தேன், ஒரு பின் அடில கறுப்பு இருக்கு. ரெண்டையும் மாத்திடறேன். ஒயர் முனைக்கு ஈயம் வச்சுட்டு ஸ்க்ரூ முறுக்கினா இழை பிரியாம நிக்குமா?

செம்புக்கம்பி:
ஈயம் வைக்காதீங்க. ஸ்க்ரூ அழுத்தத்துல ஈயம் நாளாக ஆக அமுங்கி திரும்ப லூசாகும். முனைக்கு லக் (ஒயர் முனைல மாட்டி நசுக்கற சின்ன உலோக மூடி) போட்டு அழுத்துங்க, எர்த் ஒயர மத்த ரெண்ட விட கொஞ்சம் நீளமா விடுங்க, யாராவது இழுத்தா அது கடைசியா அறுந்தா போதும். மிச்ச ஒயர இறுக்கமா சுருட்டி வைக்காதீங்க, சூடு வெளிய போகாது. மாத்தினப்புறம் ஒரு மணி நேரம் சத்தமா ஓட விட்டுட்டு பிளக்க தொட்டுப் பாத்து எழுதுங்க.