கொலம்பஸில் ஏறினாலே அடிவயிறு கழலுகிறது: பயமா, பித்தமா?

கேள்வி: பள்ளத்தூர் ஆச்சி

ஜூன் லீவுக்குச் சிங்கப்பூரிலிருந்து கொழுந்தனார் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். அடுத்த வாரம் எல்லோருமாகப் பெங்களூர் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறோம். "பெரியாத்தா, நீங்களும் ரீகாயில் ரோலர் கோஸ்டரில் ஏறணும்" என்று ஒரே பிடிவாதம்.

எனக்குக் கொடைக்கானல் பஸ் மலையேறத் தொடங்கினாலே எலுமிச்சம்பழம் மூக்கைவிட்டு இறங்காது. பொருட்காட்சியில் கப்பல் மாதிரி ஊஞ்சலாடுகிற கொலம்பஸ் கீழே பாயும்போது அடிவயிறு கழன்று விழுகிற மாதிரி இருக்கும், ஆனால் இறங்கியதும் சரியாகிவிடும். எங்கே போனாலும் கைப்பைகளுக்குக் காவல் நான்தான். இந்தத் தடவை அப்படி உட்காரப் பிரியமில்லை. வெறும் வயிற்றோடு ஏறினால் போதும் என்கிறார்கள் எங்க வீட்டில் அவுக. சரிதானா?

பதில்: காரைக்குடி ராட்டினக்காரர்

ஆச்சி, குன்றக்குடி, காரைக்குடி என்று சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் ராட்டினம் போடுவதுதான் எங்கள் பிழைப்பு. நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிச் சமாச்சாரம். பயந்தவர் மேலே இருக்கும்போது கத்துவார், இறங்கியதும் சிரிப்பார். குமட்டல்காரர் கத்தவே மாட்டார். முகம் வெளுத்து, நெற்றி வேர்த்து, எச்சிலை விழுங்கி விழுங்கி உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்ததுமே மணல் வாளியை எடுத்து வரச் சொல்லிவிடுவேன்.

பயம், அதே ஆட்டத்தில் மறுபடி ஏறினால் குறையும். குமட்டல் அப்படியில்லை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேலே மேலே சேரும். காதுக்குள் மூன்று வளையக் குழாய்களில் நீர் இருக்கிறது. நாம் சுற்றி நின்ற பிறகும் அந்த நீர் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். நின்றாயிற்று என்று கண் சொல்லும், இல்லை சுற்றுகிறோம் என்று காது சொல்லும். அந்தக் குழப்பத்தில்தான் வயிறு புரட்டுகிறது.

கொலம்பஸில் அடிவயிறு கழலுவது வேறு. கீழே பாயும் நொடியில் இருக்கை உடம்பைத் தாங்குவது குறைந்து, இரைப்பையும் குடலும் உள்ளேயே லேசாக எழும்புகின்றன. நல்ல உடம்புக்கு அதனால் கெடுதல் இல்லை. அந்த நேரம் வயிற்றையும் தொடையையும் இறுக்கிக்கொண்டு வாய்விட்டுக் கத்துங்கள். வெட்கப்பட்டு மூச்சைப் பிடிக்கிறவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள்.

கொலம்பஸில் ஓர இருக்கைகள்தான் அதிக உயரம் போகும், ஆகவே நடுவில் உட்காருங்கள். ரோலர் கோஸ்டர் உச்சியைத் தாண்டும்போது கடைசிப் பெட்டி வெடுக்கென்று இழுபடும். நடுப்பெட்டி சாது. முதல் பெட்டியில் வரப்போவது கண்ணுக்குத் தெரியும், குமட்டலுக்கு அது நல்லது. மலைப்பாதையில் பஸ் டிரைவருக்கு வாந்தி வராததும் அதனால்தான். ரீகாயில் போன வழியே பின்பக்கமாகத் திரும்பி வருகிற ஆட்டம். பாதி நேரம் முன்னறிவிப்பு கிடைக்காது என்பதால் தலையைப் பின்மெத்தையோடு ஒட்டி வையுங்கள், பிள்ளைகள் கூப்பிட்டாலும் கழுத்தைத் திருப்ப வேண்டாம்.

காலையில் தெம்பாக இருக்கும்போதே பாய்கிற, ஊஞ்சலாடுகிற ஆட்டங்களை முடித்துவிடுங்கள். தட்டாமாலை சுற்றுகிற ரகத்தில், என்னைக் கேட்டால், நீங்கள் ஏறவே வேண்டாம். பிள்ளைகள் கோபித்தால் கோபிக்கட்டும். அப்புறம், திரையில் படம் ஓட இருக்கை ஆடுகிற அரங்கம் இருந்தால், ஏசி இருக்கிறதே என்று இளைப்பாறப் போய்விடாதீர்கள். அதுவும் குமட்டல் கிளப்புகிற இடம்தான்.

வெறும் வயிறும் ஆகாது. ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். பணியாரம், கந்தரப்பம் எல்லாம் திரும்பி வந்து சாப்பிடலாம்.

பதில்: தேவகோட்டை மருந்துக்கடை

பஸ் வாந்திக்குப் பலரும் கேட்டு வாங்குகிற அவோமின் ப்ரோமெத்தசின் வகை மாத்திரை. ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் வயிற்றில் தங்காமல் போகலாம். நன்றாகத் தூக்கம் வரும், போட்டவர் அன்று கார் ஓட்டக்கூடாது. கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், வலிப்பு உள்ளவர்களும், வேறு மாத்திரை தினமும் சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் நிறைய, தயவுசெய்து செய்யாதீர்கள். லேசான குமட்டல் என்றால் இஞ்சி மொரப்பா கொஞ்சம் கேட்கும்.

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், கழுத்து முதுகுத் தொந்தரவு, கர்ப்பம், அண்மையில் ஆபரேஷன் என்றால் எந்த மாத்திரையும் தீர்வு இல்லை. கீழேதான் நிற்க வேண்டும்.

பதில்: கண்டனூர் தம்பி

இவ்வளவு எதற்கு? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டால் போதும். நான் அப்படித்தான் எல்லாவற்றிலும் ஏறுகிறேன்.

பதில்: காரைக்குடி ராட்டினக்காரர்

தம்பி, சுற்றுகிற ஆட்டத்தில் சிலருக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் பாய்கிற ஆட்டத்தில் கண்ணை மூடினால் எந்த நொடி விழும் என்று தெரியாது, பயந்தவருக்கு அது இரண்டு பங்காகிவிடும். ஆச்சி தொடுவானத்தையோ தண்டவாளத்தையோ பார்த்துக்கொண்டு வரட்டும்.

பள்ளத்தூர் ஆச்சி

நடுப்பெட்டி என்று முடிவு செய்துவிட்டேன். மாத்திரை பற்றி நாளைக்கு டாக்டரிடம் கேட்கிறேன். இன்னொன்று, சேலையோடு ஏறலாமா? மூக்குக் கண்ணாடியும் போட்டிருக்கிறேன்.

பதில்: காரைக்குடி ராட்டினக்காரர்

சேலை வேண்டாம் ஆச்சி, தலைப்பு பறந்து சிக்கும். சுடிதார் போடுங்கள், துப்பட்டா வேண்டாம். கண்ணாடி, கழுத்துச் சங்கிலி, செல்போன் மூன்றையும் ஏறுமுன் லாக்கரில் வைத்துவிடுங்கள். கண்ணாடி இல்லாமல் தண்டவாளம் தெரியாது என்றால் காதோடு பிடிக்கிற பட்டை ஒன்று கண்ணாடிக் கடையில் கிடைக்கும், அதைப் போட்டுக்கொண்டு ஏற விடுவார்களா என்று வரிசையில் நிற்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.