வார்டிரைவிங்: உலாவா, வலமா, வேயா?

திருச்சி, பாலிடெக்னிக் ஆசிரியர்:

அன்புடையீர், வணக்கம்.

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு செய்முறைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். காரில் மெதுவாகப் போய்க்கொண்டே வழியில் எந்தெந்த வைஃபை கேட்கிறது, எந்தத் தடத்தில், எவ்வளவு வலுவாக, பூட்டு உண்டா இல்லையா என்பதை ஜிபிஎஸ் புள்ளியோடு பதிந்து வரைபடமாக்குவதுதான் பாடம். ஆங்கிலத்தில் வார்டிரைவிங் என்கிறார்கள். தலைப்பு எழுத முடியாமல் நிற்கிறேன்.

கருவிகளை முடிவு செய்துவிட்டேன். கைப்பேசியில் வைஃபைகளைப் பதியும் விகிள் செயலியைப் போட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஆண்ட்ராய்டு 9 வந்ததிலிருந்து ஒரு செயலி இரண்டு நிமிடத்துக்கு நான்கு முறைதான் தேட முடியும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போனால் இரண்டு தேடல்களுக்கு நடுவே 250 மீட்டர் ஓடிவிடும், ஒரு தெருவே தப்பிவிடும். ஆண்ட்ராய்டு 10 முதல் இந்தத் தடையை அமைப்புகளில் போய் நீக்கலாம். ஆனாலும் மாணவர் கையில் இருப்பவை பல வகைப் பேசிகள். ஆகவே லினக்ஸ் மடிக்கணினி, வைஃபை அலைகளைக் கேட்டுப் பதியும் கிஸ்மெட் மென்பொருள், ஆன்டெனாவைக் கழற்றி மாட்டும் வசதியுள்ள யுஎஸ்பி வைஃபை கருவி ஒன்று, காரின் கூரையில் காந்தத்தால் ஒட்டும் ஜிபிஎஸ் ஒன்று.

தமிழில் வேண்டிய சொற்கள் நான்கு: வார்டிரைவிங், பீக்கன் (வைஃபை பெட்டி தன் இருப்பைத் தானாக அறிவிக்கும் குறிப்பு), மானிட்டர் மோடு (கருவி எதிலும் இணையாமல் காற்றில் வருவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் நிலை), சேனல் ஹாப்பிங் (ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிமாறிக் கேட்பது).

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

தம்பி, நல்ல முயற்சி. 'வார்', அதாவது போர், என்பதை விட்டுவிடாதீர்கள், அதற்குத் தமிழில் மரபு உண்டு. வெட்சித் திணையில் ஆநிரை கவரப் போகும் முன் ஒற்றர் போய்ப் பகைப்புலத்தை அறிந்து வருவதைத் தொல்காப்பியர் 'வேய்' என்கிறார். இன்றைய 'வேவு' அதன் வழிவந்ததே. உங்கள் மாணவர் செய்வதும் அதுதான்: எங்கே எத்தனை, காவல் உண்டா என்று பார்த்து வருகிறார்கள், நிரையைத் தொடுவதில்லை. 'அலைவேய்' என்று வையுங்கள். வினையாக 'அலைவேய்தல்'.

சென்னை, வலையமைப்புப் பொறியாளர்:

ஐயா, மன்னியுங்கள். 'வேய்தல்' என்றால் என் காதில் கூரை வேய்வதுதான் விழுகிறது, படித்தவருக்கு மூங்கில். மாணவருக்கு இரண்டும் உதவாது.

'வார்' இங்கே போரே இல்லை. 1983இல் வந்த 'வார்கேம்ஸ்' படத்தில் ஒரு பையன் கணினியைக் கொண்டு தொலைபேசி எண்களை வரிசையாக அழைத்துப் பார்ப்பான். அதிலிருந்து வார்டயலிங் வந்தது. அந்த மாதிரியில் காரில் போய் வைஃபை தேடுவதற்கு வார்டிரைவிங் என்று பெயர். கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் ஷிப்லி 2001இல் டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் பேசிய பிறகு பரவியது. ஒரு படத் தலைப்பின் முன்பாதிக்கு நாம் வெட்சி சூட வேண்டுமா?

வேவு, ஒற்று இரண்டும் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மின்னஞ்சல் நவி மும்பையில் பூட்டாமல் கிடந்த ஒருவரது வைஃபை வழியாகப் போனது. அதன்பின் 2009இல் மும்பைக் காவல்துறையே திறந்த வைஃபையைத் தேடித் தெருத்தெருவாகப் போகப்போவதாக அறிவித்தது. அதே வேலையைப் பயிற்சியாகச் செய்யும் மாணவன் கையேட்டில் 'வேவு' என்று படித்தால், குற்றம் செய்வதாக அவன் வீட்டிலேயே நினைப்பார்கள்.

கருவி பற்றி ஒன்று. 9 டிபிஐ ஆன்டெனா வாங்கிவிடாதீர்கள் (டிபிஐ என்பது ஆன்டெனா ஒரு திசையில் எவ்வளவு குவித்துக் கேட்கிறது என்பதன் அளவு). எண் கூடினால் நல்லது என்று எல்லோரும் வாங்குகிறார்கள். சுற்றிலும் கேட்கும் ஆன்டெனாவில் அந்த எண் கூடக்கூட, கேட்கும் பரப்பு தோசை போலத் தட்டையாகிவிடும். தூரத்துத் தரைத்தளம் கேட்கும், பக்கத்து அடுக்ககத்தின் நான்காம் மாடி கேட்காது. ஊருக்குள் 5 டிபிஐ போதும்.

யாழ்ப்பாணம், தகவல் தொழில்நுட்ப ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். 'அலையுலா' என்று சொல்லலாமா? 'அலை' என்ற சொல் வானொலி அலையையும் குறிக்கும், அலைந்து திரிவதையும் குறிக்கும். இரண்டு பொருளும் இந்த வேலைக்குப் பொருந்துவது எளிதில் கிடைக்காத வாய்ப்பு. நடந்து போனாலும் சைக்கிளில் போனாலும் உலா உலாதான், 'ஓட்டம்' என்று வைத்தால் காரோடு நின்றுவிடும்.

மானிட்டர் மோடுக்கு 'ஒட்டுக்கேட்பு நிலை' என்று எங்கோ கண்டேன். அது வேண்டாம். 'செவிநிலை' போதும்.

தஞ்சாவூர், பேராசிரியர்:

அம்மா, செவிநிலை அருமை, மறுபேச்சில்லை. உலாவுக்கு இசையேன். உலா ஒரு சிற்றிலக்கியம். சேரமான் பெருமாள் நாயனாரின் ஆதியுலாவிலிருந்து ஒட்டக்கூத்தரின் மூவருலா வரை எடுத்துப் பாருங்கள். தலைவன் பவனி வருகிறான், பேதை முதல் பேரிளம்பெண் வரை எழுவரும் அவனைப் பார்த்து மயங்குகிறார்கள். உலாவில் போகிறவன் பார்க்கப்படுபவன். இங்கே போகிறவன் பார்ப்பவன், யார் கண்ணிலும் படாதவன். திசையே தலைகீழ்.

சென்னை, பொறியாளர்:

அப்படியானால் நகர்வலம் சரியாக வருமே ஐயா. மாறுவேடத்தில் அரசன் இரவில் தெருவில் நடக்கிறான். எந்த வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை, காதில் விழுவதை மட்டும் கேட்டுக்கொள்கிறான். 'அலைவலம்'.

மென்பொருள் தேர்வைக்கூட இதை வைத்தே விளக்கலாம். இதே வேலைக்கான பழைய மென்பொருள் நெட்ஸ்டம்ப்ளர் 'யார் இருக்கிறீர்கள்' என்று கூவிக்கொண்டே போகும், பதில் சொல்பவரை மட்டும் குறித்துக்கொள்ளும். பொற்கைப் பாண்டியன் தெருவில் எல்லாக் கதவையும் தட்டிவிட்டு, அதற்காகத் தன் கையையே வெட்டிக்கொண்டானே, அது போல. கிஸ்மெட் தட்டுவதே இல்லை. செவிநிலையில் இருந்துகொண்டு, ஒவ்வொரு வைஃபையும் தானாக நொடிக்குப் பத்து முறை அனுப்பும் பீக்கனைக் கேட்கிறது. பெயரை மறைத்த வைஃபைகூட அதில் மாட்டும். மாணவருக்கு நான் கிஸ்மெட்டைத்தான் சொல்வேன், தட்டாதவன் கை பத்திரம்.

தஞ்சாவூர், பேராசிரியர்:

ஒரு திருத்தம். சிலம்பில் கீரந்தை வீட்டுக் கதவு ஒன்றைத்தான் புடைத்தான். தெரு முழுவதும் தட்டியது பின்னால் சொல்லப்படும் கதை. கையேட்டில் எழுதினால் 'கதை' என்றே எழுதுக.

பீக்கன் பற்றி யாரும் பேசவில்லை. பெரும்பாணாற்றுப்படை நீர்ப்பெயற்றுத் துறையை, அதன் விளக்கைப் பாடும் இடத்தில், 'ஓடுகலம் கரையும் துறை' என்கிறது. கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது அல்லவா? கலங்கரை விளக்கம் கலத்தை அழைக்கும் விளக்கம். கரையில் நிற்பதால் வந்த பெயர் என்று பள்ளிகளில் சொல்லித்தருவதைக் கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. வைஃபை பெட்டி நொடிக்குப் பத்து முறை கரைகிறது. ஆகவே பீக்கன் 'கரைவு'.

திருச்சி, ஆசிரியர்:

ஐயா, கரைவை எடுத்துக்கொள்கிறேன். நேற்று மாலை நான்கு மாணவரோடு தில்லைநகர்ப் பக்கம் ஒரு சுற்று போய்ப் பார்த்தோம். கிஸ்மெட் வழக்கமாக நொடிக்கு ஐந்து தடம் தாவுகிறது. 13 தடத்தையும் சுற்றிவர 2.6 நொடி. 30 கி.மீ. வேகத்தில் அதற்குள் 22 மீட்டர் போய்விடுகிறோம். சிறிய வீடு ஒன்றின் வாசலைக் கடக்கும்போது கருவி வேறு தடத்தில் இருந்தால் அந்த வீடு விட்டுப்போகலாம். வேகத்தைப் பாதியாக்கினோம், பட்டியல் நீண்டது. இதை விளக்கும்போது ஒரு மாணவி தானாகவே 'தடந்தாவல்' என்றாள். அதையே வைத்துவிட்டேன்.

தலைப்பைப் பொறுத்தவரை மூன்று பேரையும் கேட்டுவிட்டு 'அலைவலம்' என்று போடுகிறேன். முதல் பக்கத்தில் மட்டும் வார்டிரைவிங் என்று அடைப்புக்குறிக்குள் வரும். எந்த வைஃபையிலும் இணையக் கூடாது என்ற வரி தலைப்புக்கு நேர் கீழே தடித்த எழுத்தில் இருக்கும்.

யாழ்ப்பாணம், ஆசிரியை:

எனக்கு அலையுலாதான். 'வலம்' என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கோயில் வீதி, வலப்பக்கமாகச் சுற்றுவது. நீங்கள் ஒவ்வொரு சந்திலும் இடமும் வலமும் திரும்பித்தானே போகிறீர்கள்? இந்த மறுப்பைப் பதிந்துவைக்கிறேன், அச்சைத் தடுக்கவில்லை.

தஞ்சாவூர், பேராசிரியர்:

இரவு முழுவதும் இதே யோசனை. 'வலம்' என்பதற்கு வெற்றி என்றும் பொருள் உண்டு. வலம்படு முரசு நினைவுக்கு வரட்டும். ஆகப் பொறியாளர் வேண்டாமென்று தள்ளிய போர் அவர் கொடுத்த சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நான் இசைகிறேன். சொல்லடைவில் 'அலைவேய்: காண்க அலைவலம்' என்று ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள்.

திருச்சி, ஆசிரியர்:

சேர்த்துவிட்டேன் ஐயா. மெய்ப்பு போய்விட்டது.

யாழ்ப்பாணம், ஆசிரியை:

போய்விட்டதா? 'கரைவு' பற்றி எழுத நினைத்திருந்தேன். பக்கத்து வகுப்பில் இரசாயனவியல் ஆசிரியர் காலையிலிருந்து கரைப்பான், கரையம், கரைசல் என்று படிப்பிக்கிறார். என் பிள்ளைகள் 'பெட்டி நொடிக்குப் பத்து முறை கரைகிறது' என்று வாசித்தால், எதில் கரைகிறது என்றுதான் கேட்பார்கள்.