பால் விலை இறங்குது, அரசுகிட்ட எதைக் கேட்கலாம்?

எட்டு மாடு வெச்சிருக்கேன். மூணு மாசத்துல ரெண்டு தடவை கொள்முதல் விலையைக் குறைச்சுட்டாங்க, தீவன மூட்டை மட்டும் இறங்கல. நேத்து சினை மாட்டை விற்க ஆளைக் கூப்பிட்டேன். அவர் வாயைப் பிரிச்சுப் பல்லைப் பார்க்கும்போதே மனசு கேக்கல, திருப்பி அனுப்பிட்டேன். சங்கக் கூட்டத்துல பேசணும். லிட்டருக்கு மானியம் கேட்கலாமா?

பதில்:
லிட்டருக்குக் கொடுத்தா எல்லாரும் இன்னும் கறப்பாங்க தம்பி, விலை இன்னும் விழும். ஐரோப்பிய ஒன்றியத்துல இவ்வளவு பால்தான் உற்பத்தி பண்ணலாம்னு இருந்த வரம்பு 2015-ல் முடிஞ்சுது, விலை சரிஞ்சுது. 2016-ல் 15 கோடி யூரோ ஒதுக்கி, தானா முன்வந்து பாலைக் குறைச்சவங்களுக்கு, குறைச்ச ஒவ்வொரு கிலோவுக்கும் 14 சென்ட் கொடுத்தாங்க.

இன்னொரு பதில்:
பால் பவுடரையும் ஐரோப்பிய ஒன்றியமே வாங்கி இருப்பு வெச்சுது. ஆனா கிடங்குல பவுடர் குவிஞ்சு கிடக்கிற வரை விலை தலைதூக்காதே.

கேட்டவர்:
குறைக்கச் சொல்றது லேசு அண்ணே. மாடு என்ன குழாயா, மூடி வைக்க?

பதில்:
நியாயம்தான். அப்போ அமெரிக்காவோட டெய்ரி மார்ஜின் கவரேஜ் திட்டத்தைப் பாருங்க, 2018 பண்ணைச் சட்டத்துல வந்தது. பால் விலையில தீவனச் செலவைக் கழிப்பாங்க. மிச்சம், நாம தேர்ந்தெடுத்த அளவுக்குக் கீழே போனா வித்தியாசம் கிடைக்கும்.

கேட்டவர்:
இதான் என் வலி! தீவன ரசீதெல்லாம் டப்பாவுல இருக்கு, பாதியை எலி கடிச்சிருக்கு.

பதில்:
ரசீது வேண்டாம், நாட்டுச் சராசரியை வெச்சுத்தான் கணக்கு. கூட்டத்துல அதையும் கேளுங்க, யாரோட சராசரின்னு.