பழைய ஃபிலிம் லென்ஸ்களோடு காமன் கூத்தைப் பதிவுசெய்ய எந்தக் கமரா?

தலவாக்கலை வாலிபன்

வணக்கம் அண்ணாமாரே, அக்காமாரே. மாசியில் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து, மன்மதன் எரிந்த கதையை ஆடும் கூத்து. கம்பம் ஊன்றுவதிலிருந்து தகனம் வரை முழுதாகப் பதிவுசெய்து வைக்க வாலிபர் சங்கத்தில் முடிவெடுத்திருக்கிறோம். கையில் ஒன்றரை லட்சம் ரூபா. கமரா, அடப்டர், மைக் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் நான்கு லென்ஸ்கள் சும்மா கிடைத்தன: சுப்பர் தாக்குமார் 55 மி.மீ. எஃப் 1.8 (எம்42 திருகு), கெனன் எஃப்டி 50 எஃப் 1.8, மினோல்டா எம்டி 50 எஃப் 1.7, நிக்கோன் ஏஐ 28 எஃப் 2.8. கமராவில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறோம், இரண்டும் பாவித்தவை: கெனன் 700டி, பனசோனிக் ஜி7. கெனன் எடுத்தால் எஃப்டி லென்ஸ் நேரே பொருந்தும்தானே? ஆடுகளத்தில் இரண்டு டியூப்லைட், நாலைந்து எல்ஈடி பல்ப், அதற்கு மேல் பந்த வெளிச்சம்தான்.

கொட்டகலை லென்ஸ்காரன்

பொருந்தாது தம்பி. 1987இல் கெனன் எஃப்டியைக் கைவிட்டு ஈஎஃப் மவுண்டுக்கு (மவுண்ட் என்பது லென்ஸைக் கமராவில் பூட்டும் வாய்) போய்விட்டது. 700டி அந்த ஈஎஃப் வகை. பெயர் ஒன்றாக இருப்பதால் பலரும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பார்க்க வேண்டியது மவுண்டின் முகத்திலிருந்து படத்தைப் பிடிக்கும் சென்சர் வரையுள்ள தூரம். ஈஎஃப் 44 மி.மீ., எஃப்டி 42, மினோல்டா எம்டி 43.5, எம்42 45.46, நிக்கோன் 46.5. அடப்டர் என்பது இந்த வித்தியாசத்தை நிரப்பும் வளையம், அவ்வளவுதான். 700டியில் எம்42க்கு 1.46 மி.மீ. வளையமும் நிக்கோனுக்கு 2.5 மி.மீ. வளையமும் போதும். எஃப்டியும் எம்டியும் ஏற்கெனவே 44ஐ விடக் குறைவு, வளையம் வைக்க இடமே இல்லை. வைத்தால் கிட்ட இருப்பது மட்டும் தெளியும், தூரம் கலங்கும். உள்ளே கண்ணாடி வைத்த அடப்டர் தருகிறோம் என்பார்கள். அது படத்தைப் பெருப்பித்து, வெளிச்சத்தைத் தின்று, முழுத் திறப்பில் மங்கலாக்கிவிடும். அதற்குப் போகும் காசு வீண்.

ஜி7இன் மவுண்ட் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ், அதன் தூரம் 19.25 மி.மீ. மட்டுமே. உங்கள் நான்கு லென்ஸும் வெறும் வளையத்தோடு ஏறும். வீடியோவிலும் 700டி முழு எச்டியோடு நின்றுவிடும், ஜி7இல் 4கே உண்டு. அதனால் ஜி7. முடிந்தால் கமராவோடு சேர்த்து விற்கும் 14-42 கிட் லென்ஸோடு எடுங்கள். லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) முன்னால் இடம் குறுகலாக இருக்கும், பழைய 50 மி.மீ.யை வைத்துக்கொண்டு பின்னால் போக முடியாது. ஓட்டோஃபோகஸும் அதில்தான் கிடைக்கும்.

வாங்கும் முன் மெனுவைத் திறந்து மொழியையும் ஃபிரேம் எண்ணிக்கையையும் பாருங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கு வந்த சில கமராக்களில் ஜப்பானிய மொழி மட்டும்தான். அமெரிக்க மாடலில் 25, 50 ஃபிரேம் இருக்காது, 30, 60 தான். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். 1/60 விநாடி ஷட்டரில் டியூப்லைட்டின் கீழ் பட்டை பட்டையாக ஓடும். அந்த மாடல்தான் கிடைத்தது என்றால் ஷட்டரைக் கையால் 1/50 அல்லது 1/100இல் நிறுத்துங்கள், பட்டை அடங்கிவிடும்.

பண்டாரவளை ரசிகன்

ஏன் இவ்வளவு கஷ்டம்? ஒரு ஹேண்டிகேம் வாங்கி ஸ்டாண்டில் வைத்துவிட்டால் விடியும்வரை ஓடும். சோனி சிஎக்ஸ்405இல் 30 மடங்கு ஸூம் இருக்கிறதே. ஃபோகஸ் பிடிக்கத் தனி ஆள் வேண்டாம்.

கொட்டகலை லென்ஸ்காரன்

பகலில் தேர்த் திருவிழா என்றால் நானும் அதையே சொல்வேன். அதன் சென்சர் 1/5.8 அங்குலம், கடுகு மாதிரி. இரண்டு டியூப்லைட்டில் முகம் முழுக்கப் புள்ளி பொரியும். அதோடு அந்த மாடலில் வெளி மைக் செருக வழியில்லை. பாட்டும் தப்பு மேளமும்தான் கூத்து, அதை விட்டுவிட்டு எதைப் பதிவது?

ஹட்டன் ஒளிப்பதிவு

ஜி7 என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் 4 லென்ஸுக்கு 4 அடப்டர் வாங்காதீர்கள் தம்பி. 50, 50, 55 மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்யும். தாக்குமாரையும் நிக்கோன் 28ஐயும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மூடி வையுங்கள்.

காசு மிஞ்சினால் ஈஎஃப் மவுண்டிலிருந்து மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு வரும் 0.71 ஃபோகல் ரிடியூசர் (படத்தைச் சுருக்கி வெளிச்சத்தைக் கூட்டும் கண்ணாடி வைத்த அடப்டர்) ஒன்று எடுங்கள். மெட்டாபோன்ஸ் கைக்கு எட்டாது, வில்ட்ரோக்ஸ் போதும். அதன்மேல் மெல்லிய எம்42-ஈஎஃப் வளையமும் நிக்கோன்-ஈஎஃப் வளையமும் போட்டால் இரண்டு லென்ஸும் ஏறும். 55 எஃப் 1.8 அப்போது 39 மி.மீ. எஃப் 1.3 ஆகும். ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்காக வெளிச்சம் கூடுகிறது, ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு அளவு) 3200 கேட்ட இடத்தில் 1600 போதும். 28 மி.மீ. 20 ஆகி, ஆடுகளம் முழுவதும் ஓரளவு அடங்கும். லென்ஸின் பின்புறம் நீட்டிக்கொண்டிருந்தால் ரிடியூசரின் கண்ணாடியில் முட்டலாம். முதல் தடவை ஃபோகஸ் வளையத்தை முடிவிலி (வெகுதூரம்) பக்கம் மெதுவாகத் திருப்புங்கள், தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

மலிவு வளையங்களில் வரும் கோளாறு தடிப்பு. 0.1 மி.மீ. கூடிவிட்டால் 50 மி.மீ. லென்ஸ் 25 மீற்றருக்கு அப்பால் தெளியாது. 28 மி.மீ. என்றால் 8 மீற்றரோடு சரி, கூத்துக்கு அது உதவாது. இராத்திரி எதிர்மலையில் எரியும் ஒரு லைட்டைப் பார்த்து, ஐந்து மடங்கு பெருப்பித்து, ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக்குக் கொண்டுபோங்கள். முடிவுக்குச் சற்று முன்னரே புள்ளி கூர்மையானால் வளையம் கொஞ்சம் மெல்லியது, அது பரவாயில்லை. கடைசிவரை போயும் கூர்மையாகாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தலவாக்கலை வாலிபன்

நன்றி அண்ணா. கூட்டாளி ஒருவரின் ஜி7இல் எம்42 வளையத்தைப் போட்டுப் பார்த்தோம். படம் தெரிகிறது, ரெக்கோர்ட் ஆகவில்லை. எஃப் 8க்குத் திருப்பினாலும் வெளிச்சம் குறையவே இல்லை. கண்ணாடியும் மஞ்சளாகத் தெரிகிறது. லென்ஸ் பழுதா?

ஹட்டன் ஒளிப்பதிவு

பழுதில்லை. மெனுவில் ‘ஷூட் வித்அவுட் லென்ஸ்’ என்பதை ஓன் செய்யுங்கள். கமராவுக்கு அந்த லென்ஸ் கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் மறுக்கிறது. அப்பேச்சருக்கு (வெளிச்சம் புகும் திறப்புக்கு) லென்ஸின் பக்கத்தில் ஓட்டோ, மெனுவல் என்று சிறு சுவிட்ச் இருக்கும், மெனுவலுக்குத் தள்ளுங்கள். மஞ்சள், தோரியம் கலந்த கண்ணாடியின் குணம். சில நாள் வெயிலில் வைத்தால் வெளுக்கும், அதுவரை வைட் பெலன்ஸை (நிறச் சமநிலையை) கையால் வைத்தாலே சரியாகிவிடும்.

பின்னாளில் எஃப்டிக்கு வளையம் வாங்கினால், லென்ஸை மாட்டும்போது அந்த அடப்டரில் சுற்றும் பகுதியை ‘ஓப்பன்’இல் வைத்து, மாட்டியபின் ‘லொக்’குக்குத் திருப்புங்கள். இல்லாவிட்டால் அதிலும் இதே அப்பேச்சர் புகார் வரும்.

நுவரெலியா சவுண்ட்

எல்லோரும் லென்ஸைப் பற்றியே பேசுகிறீர்கள். காசில் கால்வாசியைச் சத்தத்துக்கு ஒதுக்குங்கள். ஜி7இல் 3.5 மி.மீ. மைக் துளை உண்டு, ஹெட்ஃபோன் துளை கிடையாது. உள்ளே என்ன பதிகிறது என்று காதால் கேட்க முடியாது. அதனால் ஸூம் எச்1என் மாதிரி தனி ரெக்கோர்டர் ஒன்றைப் பாடுபவருக்கு அருகில், தப்புக் குழுவிலிருந்து மூன்று நாலு மீற்றர் தள்ளி வையுங்கள். ஓட்டோ லெவலை நிறுத்திவிடுங்கள். இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் பாட்டு அமுங்கி அமுங்கி எழும். ஆக உரத்த அடியில் ரெக்கோர்டரின் மீற்றர் -12 டெசிபலைத் தொடும் அளவுக்கு வையுங்கள். தொடக்கத்தில் கமராவுக்கு முன்னால் தப்பை ஒருமுறை ஓங்கி அடித்தால், எடிட்டில் இரண்டையும் பொருத்த அது போதும்.

கார்டுக் கணக்கையும் பாருங்கள். 4கே 100 மெகாபிட்டில் மணிக்கு 45 ஜிபி, எட்டு மணிநேரத்துக்கு 360 ஜிபி. முழு எச்டி 28 மெகாபிட்டில் எட்டு மணிநேரமும் நூறு ஜிபியளவில் அடங்கும். இரதி மதன் கல்யாணம், தகனம் போன்ற இடங்களை 4கேயிலும் மற்றதை எச்டியிலும் பிடியுங்கள். 4கேயில் ஜி7 ஓரத்தை இன்னும் கொஞ்சம் வெட்டும், லென்ஸ் கூடுதலாக நெருங்கித் தெரியும். ஐரோப்பிய மாடல் 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும், காட்சி மாறும் இடத்தில் நீங்களே நிறுத்தித் தொடங்குங்கள். பற்றரி ஒன்று இரண்டு மணிநேரத்தைத் தாண்டாது. டம்மி பற்றரியும் (பற்றரி இடத்தில் செருகி வெளியிலிருந்து மின் தரும் கட்டை) பவர் பேங்கும் மலிவான வழி, ஆனால் 5 வோல்ட்டை 8.4 ஆக்கும் கேபிள்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

தகனத்தில் தீ எழும்பியதும் ஓட்டோ எக்ஸ்போஷர் சுற்றியுள்ள முகங்களைக் கறுப்பாக்கிவிடும். எக்ஸ்போஷரும் வைட் பெலன்ஸும் மெனுவலில் இருக்கட்டும். தீ கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை, முகம் தெரிய வேண்டும்.

குளிரிலிருந்து அடுப்பெரியும் வீட்டுக்குள் கமராவை அப்படியே கொண்டுபோனால் கண்ணாடி வியர்க்கும். பையை மூடியபடி அரைமணிநேரம் வையுங்கள். ஸ்டூடியோ லென்ஸ்களுக்குள் பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் பூஞ்சணம், அதை மற்ற லென்ஸோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். நம்ம ஊர் ஈரத்துக்கு மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் அவசியம். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம்.