அளக்கப் போன இடத்தில் ஷாக், தீப்பொறி: ஆய்வகக் கருவிகளோடு உங்கள் அனுபவம் என்ன?

ஆய்வகப் பொறுப்பாளர் (தொடங்கியவர்)

புதிய மாணவர்கள் ஆய்வகத்துக்குள் வரும் நேரம் இது. பாதுகாப்பு விதிகளை வரிசையாக வாசித்துக் காட்டினால் மறுநாளே மறந்துவிடுகிறார்கள். நடந்ததைச் சொன்னால் நெஞ்சில் நிற்கிறது. அதனால் கேட்கிறேன்: மீட்டர், ஸ்கோப் (அலைவடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்), சப்ளை என்று அளக்கும் கருவியே விபத்துக்குக் காரணமான சம்பவம் நீங்கள் பார்த்திருந்தால் எழுதுங்கள். முதலில் நான் பார்த்தது.

இறுதியாண்டு மாணவர் ஒருவர் எஸ்.எம்.பி.எஸ். (வேகமாக ஆன், ஆஃப் ஆகி வேலை செய்யும் பவர் சப்ளை) போர்டு ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். மெயின் லைனோடு நேராகச் சேர்ந்த பிரைமரி பக்கத்தில், சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட்டின் அலைவடிவத்தை ஆசிலோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். புரோபின் எர்த் கிளிப்பை 400 வோல்ட் கெப்பாசிட்டரின் மைனஸ் காலில் மாட்டினார். மைனஸ் என்றால் கிரவுண்ட்தானே என்பது அவர் கணக்கு. சுவிட்சைப் போட்டதும் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம், மேசை முழுக்க மின்சாரம் போய்விட்டது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கிளிப்பின் வயர் உறை உருகிச் சுருண்டிருந்தது. கிளிப்பின் பல் இரண்டு கெப்பாசிட்டர் காலோடு பற்றவைத்த மாதிரி ஒட்டிக்கிடந்தது. ஏ.சி.யை டி.சி. ஆக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் நடுவில் பிளந்திருந்தது. மாணவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஸ்கோப்பின் எர்த் கிளிப், புரோபைச் சொருகும் பி.என்.சி. சாக்கெட்டின் வெளி உலோகம், கருவியின் சேசிஸ் (உலோக உடம்பு), பவர் கார்டின் எர்த் பின் எல்லாம் ஒரே கம்பி. நான்கு சேனல் இருந்தால் நான்கு கிளிப்பும் அதே கம்பிதான். 230 வோல்ட்டை நேரடியாக ரெக்டிஃபை செய்யும் சர்க்யூட்டில் அந்த மைனஸ் கால், ஒவ்வொரு நெகட்டிவ் அரைச் சுழற்சியிலும் டையோடு வழியாக லைனோடு சேர்ந்திருக்கும். எர்த்தைப் பொறுத்து 325 வோல்ட் வரை போகும். அதில் எர்த் கிளிப்பை மாட்டுவதும் லைனை எர்த்தோடு நேராக இணைப்பதும் ஒன்றுதான்.

என்னை அதிகம் பயமுறுத்தியது அதற்கப்புறம் நடந்த பேச்சு. "ஸ்கோப்போட எர்த் பின்னை எடுத்துட்டா சரியாப் போயிடும் சார்" என்றார் இன்னொரு மாணவர். வெடிக்காது, உண்மை. ஆனால் அந்த 325 வோல்ட் இப்போது ஸ்கோப்பின் உடம்பில் நிற்கும். ரேஞ்ச் மாற்றக் கையை நீட்டுகிறவர் பி.என்.சி. உலோகத்தைத் தொட்டால் போதும். முன்பு போர்டு மட்டும் போயிற்று, இதில் ஆள் போய்விடுவார். எர்த் பின் உடைந்த கார்டு எதுவும் எங்கள் ஆய்வகத்தில் இப்போது கிடையாது. கண்ணில் பட்டால் அங்கேயே இரண்டாக வெட்டிவிடுவேன்.

பவர் சப்ளை சர்வீஸ் செய்பவர்

சார் சொன்னது நூற்றுக்கு நூறு. இதற்கு வழி, பழுது பார்க்கும் போர்டுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை (லைனோடு நேர் இணைப்பு இல்லாமல் மின்சாரம் தருவது) கொடுப்பது. ஸ்கோப்பை எப்போதும் எர்த்திலேயே வைக்க வேண்டும். சிலர் தலைகீழாக, டிரான்ஸ்ஃபார்மரை ஸ்கோப்புக்குக் கொடுக்கிறார்கள். அது எர்த் பின்னை வெட்டுவதற்குச் சமம்.

டிரான்ஸ்ஃபார்மர் போட்டாயிற்று, இனி பயமில்லை என்றும் இருக்க முடியாது. இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. ஸ்கோப் கிளிப்பை மாட்டிய நொடியில் போர்டின் அந்தப் புள்ளி மறுபடி எர்த் ஆகிவிடுகிறது. இன்னொரு புள்ளியைத் தொட்டுக்கொண்டு மறுகை சேசிஸில் இருந்தால் ஷாக் உறுதி. அந்த நேரத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. (போகும் கரண்ட்டும் திரும்பும் கரண்ட்டும் வேறுபட்டால் துண்டிக்கும் சுவிட்ச்) உங்களைக் காப்பாற்ற வராது. அந்த ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரிக்குள்ளேயே கரண்ட் சுற்றி வருவதால் ஆர்.சி.டி. பார்க்கிற பக்கத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது.

என் சிபாரிசு டிஃபரன்ஷியல் புரோப், அதாவது எர்த்தைச் சேர்க்காமல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளப்பது. அது இல்லையென்றால் இரண்டு புரோப், இரண்டு கிளிப்பையும் எங்கும் மாட்டாமல் விட்டு, ஒரு சேனலிலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பாருங்கள். சிக்னல் அவ்வளவு சுத்தமாக இருக்காது, வேலை நடக்கும். புரோபில் இருக்கும் அந்தச் சின்ன சுவிட்ச் 10 மடங்கில்தான் (வோல்ட்டேஜைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் நிலை) இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். கை பட்டு 1 மடங்குக்குப் போய்விட்டால் முழு வோல்ட்டேஜும் ஸ்கோப்பின் இன்புட்டுக்குள் இறங்கும்.

மூன்றாமாண்டு மாணவி

ஒரு சந்தேகம் அண்ணா. நான் லேப்டாப்பில் மாட்டும் யு.எஸ்.பி. ஸ்கோப் வைத்திருக்கிறேன். அதற்கு எர்த் பின்னே கிடையாதே, அப்போதும் இந்தப் பிரச்சினை வருமா?

பவர் சப்ளை சர்வீஸ் செய்பவர்

வரும் தங்கச்சி. லேப்டாப் சார்ஜர் மூன்று பின் என்றால் பெரும்பாலும் அந்த எர்த் யு.எஸ்.பி. உறை வழியாக உங்கள் கிளிப் வரைக்கும் வந்திருக்கும். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினால் வெடிக்காது, ஆனால் லேப்டாப்பே அந்த வோல்ட்டேஜுக்கு ஏறி நிற்கும், உங்கள் விரல் கீபோர்டில் இருக்கும். லைனோடு ஒட்டிய எந்த சர்க்யூட்டிலும் அந்த ஸ்கோப்பை நேரடியாக மாட்டாதீர்கள். பேட்டரியில் ஓடும் போர்டு, டிரான்ஸ்ஃபார்மரால் லைனிலிருந்து பிரிந்த செகண்டரி பக்கம், இதற்கெல்லாம் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

தொழிற்சாலைப் பராமரிப்பு எலக்ட்ரீஷியன்

நான் எழுதப்போவது மல்டிமீட்டர் பற்றி. எல்லோர் கையிலும் இருக்கும் கருவி, அதனாலேயே யாரும் பயப்படுவதில்லை.

எங்கள் ஷிஃப்டில் ஒரே மீட்டர் பல கை மாறும். ஒருவர் மதியம் கரண்ட் அளந்துவிட்டுச் சிவப்பு லீடை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டார். மாலை ஷிஃப்ட்காரர் அதை எடுத்து, டயலை ஏ.சி. வோல்ட்டுக்குத் திருப்பி, மூன்று பேஸ் பேனலில் இரண்டு பேஸுக்கு நடுவே வைத்தார். டயல் எங்கே இருந்தாலும் அந்தத் துளைக்கும் கருப்பு லீட் சொருகும் காமனுக்கும் நடுவில் இருப்பது ஒரு தடித்த ஷன்ட் கம்பி மட்டும்தான், ஓம் கணக்கில் கிட்டத்தட்ட பூஜ்யம். இரண்டு பேஸையும் நேராக ஷார்ட் செய்தாயிற்று.

நல்ல மீட்டரில் அந்த வழியில் ஒரு பியூஸ் இருக்கும். பீங்கான் உடம்பு, உள்ளே மணல். 11 ஆம்பியர், 1000 வோல்ட், 20 கிலோ ஆம்பியர் வரை அறுக்கும் திறன் என்பது பல மீட்டர்களில் காணும் அளவு. உள்ளே கம்பி உருகும்போது வரும் ஆர்க்கை அந்த மணல் உருகி அணைத்துவிடும். ஆனால் அந்த மீட்டரில் யாரோ ஒருவர் பழைய பியூஸ் போன பிறகு 250 வோல்ட் கண்ணாடி பியூஸைச் செருகி வைத்திருந்தார். கம்பி உருகியது, ஆர்க் அணையவில்லை. மீட்டரின் பின்மூடி பிய்ந்து பறந்தது. பேனல் கம்பத்தில் கரும்புகை படிந்து, லீட் முனைகள் இரண்டும் உருகிக் கட்டியாகிவிட்டன. கையுறையும் கண்ணாடியும் போட்டிருந்ததால் முகமும் விரல்களும் தப்பின. மணிக்கட்டில் மட்டும் தீக்காயம்.

விபத்துக்குப் பிறகு அந்த மீட்டரை மேசையில் பிரித்து வைத்துப் பார்த்தோம். கண்ணாடி பியூஸின் சில்லு பிளாஸ்டிக்குக்குள் பதிந்திருந்தது. பியூஸ் மாற்றினவர் அந்தப் பக்கமே இல்லை, தப்பு யாருக்கு வந்து சேர்ந்தது பாருங்கள்.

மீட்டரை எந்த இடத்தில் பயன்படுத்தலாம் என்று அதன் மேல் குறித்திருக்கும் கேட்டகரி எண்ணையும் சொல்லிவிடுகிறேன். ஐ.இ.சி. 61010 தரப்படி, சாக்கெட்டில் சொருகும் சாதனங்களுக்கு கேட்டகரி 2, கட்டடத்துக்குள் இருக்கும் பேனல், நிலையான வயரிங்குக்கு 3, மின்சாரம் கட்டடத்துக்குள் நுழையும் இடத்துக்கு 4. "என் மீட்டரும் 600 வோல்ட்தான்" என்று கேட்டகரி 2 மீட்டரோடு பேனலைத் திறக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். 600 வோல்ட் கேட்டகரி 2 மீட்டரைச் சோதிப்பது 4000 வோல்ட் இம்பல்ஸ் (நொடிப்பொழுது மின் தாக்கு), 12 ஓம் மூலத்திலிருந்து. அதே 600 வோல்ட் கேட்டகரி 3 என்றால் 6000 வோல்ட், மூலம் வெறும் 2 ஓம். கணக்குப் போட்டால் முதலாவதில் 333 ஆம்பியர், இரண்டாவதில் 3000. லீடுகளுக்கும் இதே எண் உண்டு. மீட்டர் 3 ஆக இருந்து லீட் 2 ஆக இருந்தால் உங்கள் கையில் இருப்பது 2 தான்.

பியூஸ் சரியா என்று திறக்காமலே பார்க்கலாம். பல மீட்டர்களில் ஓம் ரேஞ்சில் வைத்து, வோல்ட் துளையில் சொருகிய லீடின் முனையை ஆம்பியர் துளைக்குள் நுழைத்தால் ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். ஆனால் அது மணல் பியூஸா கண்ணாடியா என்பதைத் திறந்தால்தான் சொல்ல முடியும். வேறொருவர் மீட்டர் கைக்கு வந்தால் நான் முதலில் திறந்துதான் பார்ப்பேன்.

பெண் பயிற்றுநர், அளவியல் ஆய்வகம்

எங்களிடம் நடந்ததில் வெடிப்பெல்லாம் இல்லை, ஆனாலும் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. ஒரு மேசையில் சிக்னல் ஜெனரேட்டர், ஸ்கோப், கவுண்டர் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில். மேசையில் உட்காரும் பிள்ளைகள், "மேடம், ஜெனரேட்டரைத் தொட்டா கை சுரீர்னு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். புறங்கையால் மெதுவாகத் தடவினால் அந்த அதிர்வு நன்றாகத் தெரிந்தது. செருப்பு போட்டுக்கொண்டு வேலை செய்வது என்று வழக்கமே ஆகிவிட்டிருந்தது.

சேசிஸுக்கும் நல்ல எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் 110 வோல்ட் அருகில் காட்டியது. காரணம் போர்டுக்குள் எர்த் வயர் கழன்று தனியாகக் கிடந்தது. கருவிகளின் உள்ளே லைனிலிருந்து சேசிஸுக்கு ஒன்றும் நியூட்ரலிலிருந்து சேசிஸுக்கு ஒன்றுமாக ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாவிட்டால் சேசிஸ் பாதி வோல்ட்டேஜில் மிதக்கும். அந்தக் கரண்ட் ஒரு கருவிக்குச் சொற்பம்தான். ஆனால் பி.என்.சி. கேபிள்கள் மூன்று சேசிஸையும் இணைத்திருந்ததால் மூன்றின் கசிவும் சேர்ந்து வந்தது. அதோடு, மூன்றில் எதிலாவது ஒன்றில் லைன் இன்சுலேஷன் போயிருந்தால் மூன்றும் லைன் ஆகியிருக்கும். பிள்ளைகள் சுரீர் என்கிறது என்று சொன்னால் செருப்பைத் தேடாமல் எர்த்தைத் தேடுங்கள்.

ரிலே சோதனைப் பொறியாளர்

சி.டி. பற்றி, அதாவது பெரிய கரண்ட்டைச் சிறிதாக்கி மீட்டருக்குத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் பற்றி யாரும் எழுதவில்லை. லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் இருந்த அம்மீட்டரை ரேஞ்ச் மாற்றுவதற்காகக் கழற்றினார். முதலில் காதுக்கு எட்டியது கோரின் (உள்ளே இருக்கும் இரும்பு மையத்தின்) இரைச்சல். மெல்லிய ரீங்காரமாக இருந்தது திடீரென்று கரகரவென்று மாறியது. கழற்றிய லீடுக்கும் டெர்மினலுக்கும் நடுவே நீல நிறத்தில் பொறி. பக்கத்தில் இருந்தவர் உடனே மெயின் சுவிட்சை இறக்கினார்.

செகண்டரி திறந்ததும் பிரைமரி கரண்ட்டை எதிர்க்க எதுவும் இல்லை. அது முழுவதும் கோரைக் காந்தமாக்கப் போகும். கோர் நிறைவுற்று, பெரிய சி.டி.களில் செகண்டரியில் பல ஆயிரம் வோல்ட் உச்சங்களாக எழும். அம்மீட்டரைத் தொடும் முன் செகண்டரியின் இரு முனையையும் இணைக்கும் ஷார்ட்டிங் லிங்கைப் போடுங்கள், செகண்டரியில் பியூஸ் வைக்காதீர்கள். அப்படித் திறந்துபோன சி.டி.யைக் காந்த நீக்கம் செய்யாமல் துல்லிய அளவுக்குத் திரும்பப் பயன்படுத்தவும் கூடாது. மிச்சக் காந்தம் பிழையைக் கூட்டிவிடும்.

மூன்றாமாண்டு மாணவி

இன்னொன்று கேட்கிறேன். சுவிட்சை அணைத்துவிட்டோம், மின்சாரம் இல்லை என்பதை எதை வைத்து நம்புவது? டெஸ்டர் எரியவில்லை என்றால் போதுமா?

ஆய்வகப் பொறுப்பாளர்

போதாது அம்மா. தொடாமல் காட்டும் பேனா டெஸ்டர் டி.சி.யைக் காட்டாது, உலோக உறை உள்ள கேபிளிலும் காட்டாது. மீட்டரை முதலில் உயிருள்ளது என்று தெரிந்த ஒரு சாக்கெட்டில் வைத்துப் பார், பிறகு வேலை செய்யும் இடத்தில், பிறகு மறுபடி அந்தச் சாக்கெட்டில். மூன்றாவது தடவையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் லீட் அறுந்துவிட்டாலும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும்.

அணைத்த லைனில் 60, 80 வோல்ட் தெரிந்தால் அது பக்கத்து வயரிலிருந்து தூண்டப்பட்டதாக இருக்கலாம். மீட்டரின் இன்புட் 10 மெகா ஓம் என்பதால் அற்பக் கசிவும் பெரிதாகத் தெரியும். லோ இம்பீடன்ஸ் ரேஞ்ச் உள்ள மீட்டரில் அது விழுந்துவிடும். விழாவிட்டால் கை வைக்காதே.

கெப்பாசிட்டர் தனிக்கதை. 470 மைக்ரோஃபாரட் 325 வோல்ட்டில் 25 ஜூல் அளவு வைத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதே. 2.2 கிலோ ஓம், 10 வாட் வயர்வௌண்ட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கிளிப்பால் மாட்டி ஐந்தாறு வினாடி பிடி, பிறகு மீட்டரில் பார். உயர் வோல்ட்டேஜ் கெப்பாசிட்டர் என்றால் ரெசிஸ்டரை எடுத்துவிட்டுச் சில நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார். மின்காப்புப் பொருளில் தங்கியது மெல்ல மேலே வரும். அப்படிப்பட்டவற்றை இரண்டு டெர்மினலையும் கம்பியால் இணைத்துத்தான் அலமாரியில் வைக்கிறோம்.