டீலர்களுக்கான ஊக்கப் பயணம்: நாசிக் ஒயின் தோட்டங்கள் சரிவருமா?

தண்டையார்பேட்டை விற்பனைப் பிரிவு:
மணலியில் உள்ள எங்கள் பெயிண்ட் நிறுவனம், ஆண்டு டார்கெட்டை எட்டிய டீலர்களை இம்முறை பாங்காக்குக்குப் பதிலாக நாசிக் திராட்சைத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்ல எண்ணுகிறது. வண்ணாரப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர்க் கடைக்காரர்களான இவர்களில் பாதிப்பேர் மதுவைத் தொடாதவர்கள். பலர் மனைவியோடு வருவார்கள். ஸ்கீம் ஜூலையில் முடிவதால் ஆகஸ்டிலேயே புறப்படலாமா?

பெரம்பூர் டிராவல்ஸ்:
ஆகஸ்டு வேண்டாம். நாசிக்கில் மழைக்காலம் ஓய்ந்த பிறகே காய்ப்புக்காகக் கொடிகளைக் கவாத்து செய்கிறார்கள் (கிளைகளை வெட்டிவிடுகிறார்கள்) என்பதால், ஜனவரி முதல் மார்ச் வரைதான் அறுவடை. ஆகஸ்டில் போனால் பச்சை மலையைப் பார்க்கலாமே தவிர, கொடியில் ஒரு குலையைக்கூடப் பார்க்க முடியாது. அதுவும் 2027 ஆகஸ்டு என்றால் கும்பமேளாக் கூட்டத்தில் அறை கிடைப்பதே பெரும்பாடு. மும்பையில் காலையில் இறங்கி, சுமார் 170 கிலோமீட்டர் சாலை வழியே சென்றால் இரண்டு இரவுகள் தாராளம்.

2000-இல் முதல் ஒயினை வெளியிட்ட சூலா போன்ற ஆலைகளில், எஃகுத் தொட்டிகளையும் மரப் பீப்பாய்களையும் காட்டிவிட்டு, ஆளுக்கு நாலைந்து வகையை இரண்டு வாய் அளவே ஊற்றித் தருவார்கள். அதை மதிய உணவுக்குப் பின் வையுங்கள். வெறும் வயிற்றில் அதுவே தலைக்கேறும். குடிக்காதவர்களை அந்நேரத்தில் சும்மா உட்கார வைக்காமல், பஞ்சவடிக்கோ, முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவத்தலமான திரியம்பகேஸ்வரத்துக்கோ தனி வண்டியில் அனுப்புவதே மரியாதை.

மாதவரம் ஆடிட்டர்:
வரியையும் பாருங்கள். 2022 ஜூலை 1 முதல், ஒரு டீலருக்கு நிதியாண்டில் தரும் பயணம், பரிசு போன்ற சலுகைகளின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால், 10 சதவீத வரி கட்டப்பட்டதை உறுதிசெய்த பிறகே நிறுவனம் அச்சலுகையை வழங்க வேண்டும். டார்கெட்டை எட்டியவர்களுக்கு மட்டுமான பயணம் என்பதால், நடுவில் அரை நாள் டீலர் கூட்டம் நடத்திவிட்டு, இந்த வரியைத் தவிர்க்க மாநாடு என்று கணக்கெழுத முடியாது. மனைவியின் செலவும் அந்த டீலரின் கணக்கில்தான் சேரும். வரியை யார் ஏற்பது என்பதை ஸ்கீம் சுற்றறிக்கையிலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் பரிசு கொடுத்தும் பகை வரும்.

இன்னொன்று: அப்பாவுக்குப் பதிலாக மகன் வருவது நம் பக்கத்தில் வழக்கம். மகாராஷ்டிரத்தில் ஒயின் அருந்த 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை விற்பனைப் பிரிவு:
இருவருக்கும் நன்றி. பிப்ரவரிக்குத் தள்ளி வைக்க மேலாளரிடம் சொல்கிறேன். வரியை நிறுவனமே ஏற்றால் ஒரு டீலருக்கு எவ்வளவு கூடும் என்று கணக்கிட்டுவிட்டு, திரியம்பகேஸ்வரத்துக்கான வண்டியையும் சேர்த்து மதிப்பீடு கேட்கிறேன்.